நாக்கை நீட்டும் சாமிக்கு நம் மேல் என்ன கோபம்?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 34. எங்கள் குலதெய்வம் சிறுவாச்சூர் மதுரகாளி. பாட்டி காலமான பிறகு அவர் கும்பிட்ட பழைய காளி படம் ஒன்று என்னிடம் வந்தது. நாக்கை நீட்டி, தலைமாலை போட்டு, சிவன் மேல் கால் வைத்து நிற்கிற படம். போன வருடம் சென்னையில் புது பிளாட்டுக்கு வந்தபோது பூஜை அலமாரியில் வைத்தேன். அதற்கப்புறம் என் கணவருக்கு வேலை போனது, இப்போது குறைந்த சம்பளத்தில் வேறு வேலை. எனக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. உக்கிர தெய்வம் வீட்டில் இருந்தால் சண்டை ஓயாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஜோதிடர் 65,000 ரூபாயில் சாந்தி ஹோமம் செய்து, படத்தை ஓடுகிற தண்ணீரில் விடச் சொல்கிறார். நானும் இப்போதெல்லாம் அடிக்கடி கத்துகிறேன். "வீட்டுக்குள்ள காளி வந்தா, இவளும் காளியா ஆயிட்டா" என்கிறார் மாமியார். 7 வயது மகள் அலமாரிப் பக்கமே போவதில்லை. "சாமிக்கு நம்ம மேல என்னம்மா கோவம்? ஏன் நாக்க நீட்டுது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படிப் பயமுறுத்தும் தெய்வத்துக்கு உண்மையில் என்ன பொருள்? படத்தை நான் என்ன செய்வது?
— சென்னை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 65,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் போனது போகட்டும், மீதியைக் கொடுக்க வேண்டாம். படத்தையும் தண்ணீரில் விட வேண்டாம். இந்த இரண்டும் மனத்தில் உட்கார்ந்துவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இன்னொன்று. கரு கலைந்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டி உடனே படிக்க முடியவில்லை. நான் கல்லில் சாமி செய்கிறவன், மருத்துவன் இல்லை. ஆனாலும் எந்த மகப்பேறு மருத்துவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்: முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உண்டாகும்போதே குரோமோசோமில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம். நீங்கள் எதையோ தூக்கியதாலும் இல்லை, எதையோ அலமாரியில் வைத்ததாலும் இல்லை. தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால் அதையும் அந்த மருத்துவரிடமே சொல்லுங்கள். துக்கத்துக்கு ஒரு குற்றவாளியைத் தேடுவது மனுஷ சுபாவம்தான், அதற்காக உங்கள் பாட்டி கும்பிட்ட தெய்வத்தைப் பிடித்துக் கூண்டில் நிறுத்த வேண்டாம்.

இனி உங்கள் மகளின் கேள்வி. இந்தத் தொழிலில் 38 வருடமாக இருக்கிறேன், பெரிய பெரிய ஆட்கள் காளியைப் பற்றி என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள், இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. சாமிக்கு நம் மேல் என்ன கோபம்? இதே கேள்வியை வேறு விதமாக என் குரு என்னிடம் கேட்டார்.

அப்போது எனக்கு 24 வயது. முதன்முதலாக ஒரு காளி சிலைக்கு வரைபடம் போடும் வேலை என்னிடம் வந்தது. உக்கிரம் என்றால் பயங்கரம் என்றுதான் நினைத்திருந்தேன். புருவத்தை நெரித்து, மூக்கை விடைக்க வைத்து, கண் இரண்டையும் பிதுக்கி, எதிரே நிற்பவனை அப்படியே கிழித்துப் போடுவது போல வரைந்துகொண்டு போய்க் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ யாரப் பாக்கிறா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "அசுரன் எங்க இருக்கான்? கால்ல கிடக்கான். அப்ப எதிர்ல யாரு நிக்கிறது? கும்பிட வந்தவன். பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தவ. அவ மேல ஏன் இந்தக் கோவம்?" என்றார். அப்புறம் பென்சிலை வாங்கி, கருவிழியைக் கொஞ்சம், ஒரு நூல் அளவுதான் இருக்கும், மேலே தள்ளிப் போட்டார். பார்வை எதிரே நிற்பவரின் தலைக்கு மேலாகப் போய்விட்டது. "கும்பிட வர்றவனுக்குப் பின்னால எது தொரத்திக்கிட்டு வருதோ, அதைப் பாக்கிறா" என்றார்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்டது என்ன என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. தெருவில் ஒரு குழந்தை அம்மாவை நோக்கி ஓடி வருகிறது, பின்னால் ஒரு வெறிநாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் குழந்தைக்குத் தெரியாது. அது பார்ப்பது அம்மாவின் முகத்தை மட்டும்தான். அந்த நேரத்தில் அந்த முகம் எப்படி இருக்கும்? கண் விரிந்து, பல் தெரிய, வாய் பிளந்து, தலைமுடி கலைந்து, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு. குழந்தை பயந்துதான் போகும். அம்மாவுக்குத் தன் மேல் கோபம் என்றே நினைத்துக்கொள்ளும். நம் ஊரில் உக்கிரம் என்று சொல்வது அந்த முகத்தைத்தான். நாம் ஓடிவருகிற திசையிலிருந்து பார்ப்பதால் அது நம்மைப் பார்த்து வந்த கோபம் போலத் தெரிகிறது.

அப்புறம் நாக்கு. அதற்கு ஊரில் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அசுரர்களை அழித்த வேகத்தில் காளி நிற்காமல் ஆடினாள், உலகம் தாங்கவில்லை, சிவன் அவள் வழியில் படுத்தார், தெரியாமல் அவர் மார்பில் கால் வைத்துவிட்டாள், ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்பது. வங்காளத்தில் இதைச் சொல்லாத வீடு இல்லை. உங்களிடம் இருப்பதும் நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் வங்காளத்துத் தட்சிண காளியின் படம்தான். அழகான கதை, சொல்லலாம், தப்பில்லை. ஆனால் புருஷனை மிதித்த வெட்கம் என்று மட்டும் சொல்லி அந்த நாக்கை முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதைவிடப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது, உங்கள் நிலைமைக்கு அதுதான் வேண்டியது.

தேவி மாகாத்மியம் என்று மார்க்கண்டேய புராணத்துக்குள் ஒரு பகுதி, 13 அத்தியாயம், 700 மந்திரம் என்று கணக்கு, நவராத்திரியில் பாராயணம் செய்வார்களே அதுதான். அதில் காளி தனியாக எங்கிருந்தோ வருவதில்லை. சண்டன், முண்டன் என்ற இருவர் அம்பிகையைப் பிடிக்க வரும்போது, அவள் நெற்றி சுருங்குகிறது, அந்தச் சுருக்கத்திலிருந்து காளி வெளியே வருகிறாள். உடம்பில் சதை வற்றி, கண் குழிவிழுந்து, நாக்கு தொங்க. அந்த இருவரையும் கொன்றதால் சாமுண்டா என்று பெயர். அதற்கு அடுத்த அத்தியாயத்தில் ரக்தபீஜன் வருகிறான். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, ரத்தமே விதையானவன். அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் அவனைப் போலவே, அதே பலத்தோடு, இன்னொருவன் எழுந்துவிடுவான். தேவியோடு வந்த சக்திகள் எல்லோரும் வெட்டுகிறார்கள், குத்துகிறார்கள், வெட்ட வெட்ட ரத்தம் கொட்டுகிறது, கொட்டக் கொட்ட அசுரன் பெருகி உலகமே அவனால் நிரம்பிவிடுகிறது. தேவர்கள் நடுங்கிப்போகிறார்கள். அப்போது அம்பிகை காளியிடம் சொல்கிறாள், நீ வாயை அகலத் திற, ஒரு சொட்டும் தரையில் படாமல் வாங்கிக்கொள் என்று. காளி வாயைத் திறந்து அவ்வளவையும் வாங்கிக்கொள்கிறாள். வாய்க்குள் எழுந்த அசுரர்களையும் தின்றுவிடுகிறாள். ரத்தம் வற்றி அவன் விழுகிறான்.

அந்த நாக்கு இதற்காக நீண்ட நாக்கு.

இப்போது உங்கள் கடிதத்தையே எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். வேலை போனது, அது ஒரு அடி. கரு கலைந்தது, அது பெரிய அடி. இவை இரண்டும் உண்மையான துன்பம். ஆனால் அதோடு நின்றதா? அக்காவிடம் சொன்னீர்கள், அங்கே ஒரு பயம் எழுந்தது. ஜோதிடரிடம் போனீர்கள், அங்கே இன்னொன்று. மாமியார் சொன்ன வார்த்தையில் ஒன்று. ராத்திரி போனில் தேடிப் பார்த்திருப்பீர்கள், அதில் பத்து எழுந்திருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டப் போகிறீர்கள், ஒரு பரிகாரம், ஒரு விளக்கம், இன்னொருவரிடம் யோசனை, வெட்டிய இடத்தில் எல்லாம் சொட்டுகிறது. ரக்தபீஜனை எங்கோ இருந்த ஓர் அசுரன் என்று நான் நினைப்பதில்லை. பயம், ஆசை, வன்மம், இந்த மூன்றுக்கும் அந்தக் குணம் உண்டு, வாளால் தீராது, வெட்டினால் பெருகும். அதைத் தீர்க்க ஒரே வழி அது விழுவதற்குத் தரை கிடைக்காமல் செய்வதுதான். யாரோ ஒருவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் வாங்கிக்கொள்கிறாள். "என் பயத்தை உன்னிடம் கொடுத்துவிட்டேன், இனி இதை நான் வேறு யாரிடமும் கொண்டுபோக மாட்டேன்" என்று சொல்ல முடிந்தால் அதுதான் காளி உபாசனை. ஹோமமும் வேண்டாம், மந்திர தீட்சையும் வேண்டாம்.

உங்கள் மகளிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்ல முடியாது. "பயத்தை எல்லாம் சாமி முழுங்கிடும், அதுக்குத்தான் நாக்கு" என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அது போதும், அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

படத்தில் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள், கைகள். தட்சிண காளிக்கு நான்கு கை. அவளுடைய இடப்பக்கம் மேல் கையில் வாள், கீழ்க் கையில் வெட்டிய தலை. எல்லோர் கண்ணும் அங்கேயே நின்றுவிடுகிறது. வலப்பக்கம் பார்த்தீர்களா? மேல் கை அபயம், பயப்படாதே என்கிறது. கீழ்க் கை வரதம், கேள், தருகிறேன் என்கிறது. நான்கில் இரண்டு கை நமக்காகவே காலியாக இருக்கிறது, ஆயுதம் இல்லை, ஒன்றும் இல்லை. நம் ஊர்ச் சிலைகளில் எட்டு, பத்து என்று கை கூடினாலும் சிற்பி பெரும்பாலும் ஒரு கையையாவது அபயத்துக்கு விட்டுவைப்பான். கும்பிடும்போது பார்க்க வேண்டிய கை அதுதான். அந்தத் தலைமாலைக்கும் ஒரு கணக்கு உண்டு, 50 தலை, சமஸ்கிருத எழுத்துக்கள் 50, அவ்வளவு சொல்லையும் கழுத்தில் போட்டுக்கொண்டவள் என்று சாக்தர்கள், அதாவது சக்தியை முதல் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள், சொல்வார்கள். சிலர் 51 என்பார்கள். காலடியில் வெள்ளையாக, அசையாமல் கிடப்பது சிவம். சக்தி மேலே நின்றால்தான் அது சிவம், இல்லையென்றால் சவம் என்று சொல்வழக்கு. இதற்கு மேல் இதில் நீட்ட வேண்டாம்.

கறுப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காளி என்ற பெயரில் கருமையும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. எல்லா நிறமும் கறுப்பில் போய் ஒடுங்குவது மாதிரி எல்லாப் பொருளும் காலத்தில் போய் ஒடுங்குகிறது, அந்தக் காலத்தையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறவள் அவள் என்பது தாந்திரிகர்களின் வாக்கு. அதனால்தான் அவளைச் சுடுகாட்டில் வைத்தார்கள். பிறப்பு, கல்யாணம், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் நம்மிடம் சாந்தமான அம்மன் இருக்கிறாள். பிணம் எரிகிற இடத்துக்கும், கரு கலைந்த ராத்திரிக்கும் யார் வருவார்? அங்கேயும் தெய்வம் இருக்கிறது, அங்கேயும் அது அம்மாதான் என்று சொல்லும் துணிச்சல் நம் மரபில் இருந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். அழகையெல்லாம் உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தவரை, கைலாயத்தில் சிவபெருமான் "அம்மையே" என்றுதான் கூப்பிட்டார். பின்னால் அவர் போய் இருந்தது திருவாலங்காடு, சுடுகாடும் காளியும் சிவன் நடனமும் சேர்ந்த ஊர். பயங்கரமான உருவமும் தாய் என்ற சொல்லும் நம்மிடம் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

சரி, உக்கிர தெய்வத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்கிறார்களே, அது வெறும் புரளியா? முழுப் புரளி என்று சொல்ல மாட்டேன். மந்திரப் பிரதிஷ்டை செய்த உக்கிர மூர்த்திக்கு நாள் தவறாத பூஜை வேண்டும், ஆசாரம் வேண்டும். அப்படிப்பட்ட சந்நிதியை ஊரின் எல்லையிலோ வடக்கு பார்த்தோ வைக்கும் வழக்கம் உண்டு. சிதம்பரத்தில் தில்லைக் காளி ஊரின் வடக்கு ஓரத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவள் எல்லைக்காரி, ஊருக்குள் எது வந்தாலும் முதலில் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும், ஆகவே அங்கே நிற்கிறாள். அந்த விதியெல்லாம் கோயில் மூலவருக்கு. சட்டம் போட்ட ஒரு காகிதப் படத்துக்கு, அதுவும் உங்கள் பாட்டி ஆயுசு முழுக்க விளக்கேற்றிக் கும்பிட்ட படத்துக்கு, அதைக் கொண்டுவந்து பொருத்துவது சரியில்லை. இதே படம் வங்காளத்தில் கடையிலும் வீட்டிலும் சாதாரணமாகத் தொங்குகிறது. நம் தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசை ராத்திரியில் அவர்கள் காளி பூஜை செய்கிறார்கள். கல்கத்தா பக்கம் தட்சிணேசுவரத்தில், ராணி ராசமணி கட்டி 1855இல் குடமுழுக்கு நடந்த கோயிலில், ராமகிருஷ்ணர் இந்த உருவத்தின் முன்னால்தான் "அம்மா, அம்மா" என்று குழந்தை மாதிரி அழுதார்.

இன்னும் பழசு வேண்டுமென்றால் தஞ்சாவூருக்குப் போங்கள். விஜயாலயன், சோழ வம்சத்தை மறுபடி தலைதூக்க வைத்தவன், 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சையைப் பிடித்த கையோடு நிசும்பசூதனியை, நிசும்பன் என்ற அசுரனை அழித்த தேவியை, பிரதிஷ்டை செய்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தைய சமாசாரம் இது. அங்கே இன்று நாம் கும்பிடும் சிலையைப் போய்ப் பாருங்கள். விலா எலும்பு தெரிய, சதை வற்றி, அசுரர்களை மிதித்து அமர்ந்த அந்த உருவத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்து நான் இரண்டு நாள் உளியைத் தொடவில்லை. ஓர் அரசன் புதுத் தலைநகரில் குடியேறும்போது முதலில் கொண்டுவந்து வைத்தது சாந்தமான தெய்வத்தை இல்லை, இவளை. அதற்கப்புறம் அந்த வம்சம் 400 வருடத்துக்கு மேல் ஆண்டது. புது வீட்டுக்குக் காளியைக் கொண்டுவந்ததால் குடும்பம் கெட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

நம் ஜனங்கள் இந்த உக்கிரத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும். விரட்டவில்லை, தண்ணீரில் விடவில்லை. குளிர வைத்தார்கள். மதுரை மீனாட்சி கோயிலில் கம்பத்தடி மண்டபத்தில், சுவாமி சந்நிதிக்கு முன்னால், காளியும், காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் சிவனான ஊர்த்துவ தாண்டவரும் எதிரும் புதிருமாகப் பெரிய தூண் சிலைகளாக நிற்பார்கள். ஆடிக் களைத்தவளின் சூடு தணியட்டும் என்று காளியின் மேல் வெண்ணெய் உருண்டை எறிவது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி ஒரு காலத்தில் உக்கிரமாக இருந்தாள், ஆதிசங்கரர் தாடங்கம் என்ற காதணியைச் சாத்தினார், எதிரே பிள்ளையாரை வைத்தார், பிள்ளை முகத்தைப் பார்த்ததும் தாய் குளிர்ந்தாள் என்று சொல்வார்கள். வயலிலிருந்து வெயிலில் வந்த அம்மாவுக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்போமே, அந்த மாதிரிதான் இளநீரும் பானகமும் வேப்பிலையும். சூடாக இருக்கிறவளைப் பார்த்து "நமக்காக அலைந்து வந்திருக்கிறாள்" என்று நினைக்கிற மனசு அது. சமயபுரத்திலோ ஒரு படி மேல். மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாள் மாரியம்மனே விரதம் இருக்கிறாள், பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி. சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவ்வளவுதான். ஊருக்கு நோய் வரக் கூடாது என்று தான் பட்டினி கிடக்கிற தெய்வத்தைப் பார்த்து, உன் குடும்பத்தை அழிக்க வந்திருக்கிறாள் என்று எப்படி ஒரு வாய் சொல்கிறது?

இன்னொரு விஷயம் சொல்கிறேன், எங்கள் தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை, குடமுழுக்கு பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். சிலை முழுக்க முடிந்த பிறகு கடைசியில் கண் திறப்போம், தங்க ஊசியால். திறந்தவுடன் அந்தக் கண்ணுக்கு முதலில் என்ன காட்டுவது என்று முறை இருக்கிறது. கண்ணாடி, பசுவும் கன்றும், கன்னிப் பெண் குழந்தைகள், தானியம். சாந்த மூர்த்தியாக இருந்தாலும் சரி, காளியாக இருந்தாலும் சரி, இதேதான். நான் கண் திறந்த ஒரு காளிக்கு முன்னால் அன்றைக்குக் கொண்டுவந்த கன்று தாயிடம் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது, யாரும் விலக்கவில்லை. அவள் உலகத்தில் முதலில் பார்த்தது அதைத்தான். உங்கள் மகள் அலமாரி முன்னால் வந்து நின்றால் அவளையும் அந்தக் கண் அப்படித்தான் பார்க்கும்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். மாமியார் சொன்னது உங்களைக் குத்தியிருக்கிறது என்று தெரிகிறது. உங்களை ஆறுதல்படுத்துவதற்காக, கத்துங்கள், அதுவும் சக்திதான் என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை. காளியின் உக்கிரத்துக்கு ஆள் தெரியும், அளவு தெரியும், வேலை முடிந்தால் நிற்கவும் தெரியும். அதே மாகாத்மியத்தில், மகிஷன் விழுந்த பிறகு தேவர்கள் பாடுகிற துதியில் ஓர் இடம்: மனத்தில் கருணையும் போரில் கடுமையும் ஒன்றாக இருப்பதை உன்னிடம்தான் கண்டோம் என்கிறார்கள். உன் ஆயுதம் பட்டுச் சுத்தமாகி அந்த அசுரர்களும் நல்ல கதிக்குப் போகட்டும் என்றுதானே அடித்தாய் என்றும் கேட்கிறார்கள். அடிபடுகிறவனுக்கும் நல்லது நினைக்கிற கடுமை அது. நமக்கு வருகிற கோபத்துக்கு ஆள் தெரியாது. துன்பம் ஒரு பக்கமிருந்து வரும், கோபம் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் மேல் போய் விழும், பெரும்பாலும் குழந்தை மேல். உங்களுக்கு வருவது அழாமல் அடக்கி வைத்த துக்கம் என்று நினைக்கிறேன். அதை மகளிடமோ மாமியாரிடமோ கொட்ட வேண்டாம். கணவரிடம் சொல்லி அழுங்கள், அவரும் வேலை போன நாளிலிருந்து ஒருவேளை அழாமல்தான் இருப்பார். அலமாரி முன்னால் உட்கார்ந்தும் அழலாம். அவளைத் திட்ட வேண்டும் போலிருந்தால் திட்டுங்கள். வங்காளத்தில் ராம்பிரசாத் என்று 18ஆம் நூற்றாண்டில் ஒரு பக்தர், காளியிடம் கோபித்துக்கொண்டு, நீயும் ஒரு தாயா என்கிற மாதிரி உரிமையோடு சண்டை போட்டுப் பாடியிருக்கிறார். இன்றைக்கும் அதை அங்கே பக்தியோடு பாடுகிறார்கள். பெற்றவளிடம்தான் அப்படிப் பேச முடியும்.

மாமியார் சொன்ன வார்த்தையை மட்டும் வேறு மாதிரி வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் நிஜமாகவே காளியாக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, உங்கள் குடும்பத்தின் பயத்தில் காசு பார்க்க வருகிறவர் வாசலில் நிற்கும் இடம். அங்கே கத்தவே வேண்டாம், "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போதும்.

படத்தை என்ன செய்வது என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பிடித்திருந்தால் அங்கேயே இருக்கட்டும். ஒரு விளக்கு, செவ்வாயோ வெள்ளியோ ஒரு செம்பருத்தி, அவ்வளவே. சிறப்பு நைவேத்தியம், சிறப்பு நாள் என்று எதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். மகளின் பயம் குறையவில்லை என்றால் வற்புறுத்திக் கும்பிட வைக்காதீர்கள். படத்தை ஒரு மஞ்சள் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டு, மதுரகாளியின் படத்தை வெளியே வையுங்கள், அவள் பெரியவளான பிறகு அவளே எடுத்துப் பார்ப்பாள். எடுத்து வைத்ததால் தோஷம் ஒன்றும் வராது. குழந்தை பயப்படுகிறது என்று தெரிந்தால் எந்தத் தாயும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வாள்.

அப்புறம் எல்லோரும் ஒரு தடவை சிறுவாச்சூர் போய்விட்டு வாருங்கள். மதுரையை எரித்துவிட்டு மனம் ஆறாமல் வந்த கண்ணகிதான் அங்கே மதுரகாளியாகத் தங்கினாள் என்று ஒரு வழக்கு உண்டு. அதை நான் நம்புகிறேன். புருஷனை இழந்து, நியாயம் கிடைக்காமல், கொதித்துப்போய் வந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஊர் இருக்க இடம் கொடுத்தது. அந்த ஊர்த் தெய்வமான செல்லியம்மனை, தொந்தரவு கொடுத்த ஒரு மந்திரவாதியிடமிருந்து அவள் காப்பாற்றினாள் என்கிறார்கள். கொதிப்போடு வருகிறவளை அந்த இடத்துக்குப் புரியும்.

சென்னையிலிருந்து கிளம்பும் முன் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசேஷ நாட்கள் தவிர்த்துத் திங்களும் வெள்ளியும்தான் கோயில் திறந்திருக்கும், மற்ற நாளில் அவள் மலையில் செல்லியம்மனோடு இருப்பதாக ஐதீகம். பச்சரிசியும் வெல்லமும் நெய்யும் எடுத்துக்கொண்டு போங்கள். அரிசியை அங்கேயே ஊறவைத்து, இடித்து, மாவிளக்கு போடுவது அந்தக் கோயில் வழக்கம். இடிக்கும்போது உலக்கையில் மகளையும் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள்.